இரண்டாம் இரவின் ராசா

மகள்,

முடிந்த திருவிழாவின் நினைவு மலருக்கு நாடகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லிப் பங்குச் சுவாமி திரும்பத் திரும்ப ஆள் அனுப்புகிறார். கட்டுரை எனக்கு எங்கே வரும்? படகு எஞ்சின் திருத்துகிறவனுக்கு எழுத்து என்பது உதிரிப்பாகக் கடைக்குத் துண்டு எழுதுவதோடு சரி. உனக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் எழுதுவேன். ஆகவே உனக்கே எழுதுகிறேன். அவர்களுக்கு விருப்பமென்றால் இதை அப்படியே அச்சில் போடட்டும். கைபேசியில் தினமும் உன் முகத்தைப் பார்க்கிறோம்தான். ஆனால் நான் ஒரு கதையைத் தொடங்கினால் உன் அம்மா பின்னால் நின்று திருத்தத் தொடங்கிவிடுகிறாள். கடதாசியில் யாரும் குறுக்கே பேச முடியாது. அத்தோடு, நீ விமானம் ஏறிய பிறகு இங்கே ஒரு சங்கதி நடந்தது. அதை உனக்குச் சொல்லாமல் இத்தனை நாள் அடக்கி வைத்திருப்பதே பெரிய பாடு. கடைசியில் சொல்கிறேன். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

ஊருக்கெல்லாம் தெரிந்த கதையானாலும் மலரை வாசிக்கப்போகிற வெளியாட்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். மன்னாரில் எங்கள் தாழ்வுபாட்டுக் கோயில் வளவில் மர்சலீனாள் நாடகம் என்றால் இரண்டு இரவு. ஒரு ராசகுமாரி தகப்பனுக்குத் தெரியாமல் கிறிஸ்தவ வேதத்தில் சேருகிறாள். தகப்பனான ராசா அவளை மிரட்டுகிறான், கோபுரத்தில் அடைக்கிறான், கடைசியில் தன் வாளாலேயே தண்டிக்கிறான். வானத்திலிருந்து இடி விழுந்து அவனும் சாகிறான். முதல் இரவு ராசகுமாரி வேதத்தில் சேருவது வரை. மிரட்டலும் வதையும் இடியும் இரண்டாம் இரவு. இரண்டு இரவுக்கும் இரண்டு ராசா. நான் இரண்டாம் இரவின் ராசா. எனக்கு அப்போது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. தொண்டை மட்டும் பெரிதாக இருந்தது, அதனால் எடுத்தார்கள். முதல் இரவு ஆடி முடிந்து, உடுப்பு மூட்டையைக் கட்டி வைத்துவிட்டுப் படுத்தோம். விடிந்தபோது சண்டை நெருங்கி, ஊரில் நிற்க முடியாத நிலை. நாடகத்தை யார் நினைத்தார்கள்? கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினோம். மங்களம் பாடாமல், பாதியில் நின்ற நாடகம் அது. நேர்த்தி வைத்து ஆடிய நாடகத்தைப் பாதியில் விட்டால் ஊர் தாங்காது என்பார்கள். பிறகு அக்கரையில், இந்தியாவின் அகதி முகாமில், எந்த வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும் யாராவது ஒருவர் மங்களம் பாடாததை இழுக்காமல் இருந்ததில்லை. நீ அந்த முகாமில் பிறந்தவள். நீ பிறந்த அன்று பெய்த மழையில் கூரை பறந்ததற்கும் அதைத்தான் காரணம் சொன்னார்கள்.

இதில் என் பங்கு எப்படித் தொலைந்தது என்பதையும் எழுத வேண்டும். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், வெளியாட்களுக்குத் தெரியாது. முழு நாடகமும் உள்ள ஏடு கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம்தான் இருக்கும். ஆடுகிறவனுக்கு அவன் பாடுகிற பாட்டுகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். எங்கே வாய் திறக்க வேண்டும் என்று தெரிய, அவனுக்கு முன்னால் பாடுகிறவனின் கடைசி வரியையும் மேலே எழுதியிருப்பார்கள். அதற்கு வால் என்று பெயர். நாடகம் முடிந்ததும் சம்மனசு என்கிற வானதூதர் ஆடியவனும் புனிதர் ஆடியவனும் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செபமாலைக்குப் பக்கத்தில், அலுமாரியில் வைப்பார்கள். வேதத்தைப் பழித்த ராசாவின் கொப்பியை வீட்டில் வைக்கக்கூடாது. மங்களம் முடிந்த கையோடு ராசா கடற்கரைக்குப் போய்க் கொப்பியைக் கடலில் எறிந்துவிட்டு, சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறலாம். நான் ஆடவேயில்லை, ஆகவே கொப்பி என் மூட்டைக்குள் இருந்தது. படகு நடுக்கடலில் அலையில் ஏறி விழுந்தபோது ஒரு மனுசி என் மூட்டை வாயில் அதைக் கண்டுவிட்டாள். "உதென்ன, ராசான்ர கொப்பியோ? அந்தப் பாவியையும் ஏத்திக்கொண்டோ வாறாய்? எறி தம்பி கடலில." படகு முழுவதும் எறி எறி என்றது. எறிந்தேன். அலை அடங்கியதா என்று கேட்காதே. விடியும் வரை அதே ஆட்டம்தான். அண்ணாவியாரின் ஏடு அந்த இடப்பெயர்வில் எங்கே போனதென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ காலம். திரும்பி வந்தோம், கொட்டில் போட்டோம், கல்வீடு கட்டினோம், நீ பல்கலைக்கழகம் போனாய். ஒரு விடுமுறைக்கு வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, கூத்துப் பிரதிகளைத்தான் ஆய்வு செய்யப்போகிறேன், மர்சலீனாள் நாடகத்தை முழுதாய்ச் சேர்க்கப்போகிறேன் என்றாய். எனக்கு வந்த கோபம் உனக்கு ஞாபகம் இருக்கும். அரசாங்கக் கந்தோர் வேலைக்குப் போகிற பிள்ளையென்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். "ஆடினவங்களே மறந்துபோன நாடகத்தை நீ என்னத்தைப் பிள்ளை சேர்ப்பாய்?" என்று கேட்டேன். நீ மீனில் முள் எடுத்துக்கொண்டே, "மறந்தவையிட்டக் கேக்கேல்லயப்பா, எழுதி வச்சவையிட்டக் கேக்கப்போறன்" என்றாய்.  சாப்பாடு காரம் என்று உன் அம்மாவோடு சண்டைக்குப் போனேன்.

உன்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாய்த் திரிந்த அந்த நாட்களைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. பெட்டைப் பிள்ளை தனியே போய்க் கூத்துக் கொப்பி கேட்டால் தருவார்களோ என்றுதான் நான் வந்தேன். வந்து பார்த்தால் என்னைக் கண்டு கதவைத் திறந்தவர்கள் உன்னைக் கண்டு அலுமாரியைத் திறந்தார்கள். விடத்தல்தீவில் றோசலின் அக்கா தோய்த்த வெள்ளைச் சீலையை மேசையில் விரித்து, சின்னக் குழந்தையைக் கிடத்துவது போலத் தன் தமையனின் கொப்பியைக் கிடத்தினார். சம்மனசின் பங்கு. அரிப்பு என்ற ஊரில் ஒரு வீட்டில் இன்னொரு சம்மனசு. அடுத்த வீட்டில் மர்சலீனாள், பக்கத்தில் தோழி, அதற்கடுத்த வீட்டில் மறுபடியும் சம்மனசு. அக்கரையில் தங்கிவிட்டவர்களும் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினார்கள், அதுவும் சம்மனசு. நீ ஒவ்வொரு வீட்டிலும் ராசாவைக் கேட்டாய். றோசலின் அக்கா உன்னை ஒரு மாதிரிப் பார்த்து, "ராசான்ர கொப்பியை ஆர் பிள்ளை வீட்டில வைப்பினம்? நாங்கள் குடும்பமாய் இருக்கிற ஆக்களெல்லோ" என்றார். திரும்பி வரும்போது வங்காலைக் காற்றில் நீ என் காதுக்குள் கத்திச் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "அப்பா, எங்கட சனம் மோட்சத்தை மட்டும் பத்திரப்படுத்தி வச்சிருக்குது." நான் சிரித்த சிரிப்பில் மோட்டார்சைக்கிள் மணலுக்குள் இறங்கிவிட்டது.

வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க நீ துண்டுக் கடதாசிகளைப் பரப்பினாய். மர்சலீனாள் கொப்பியில் இருக்கும் வாலைப் பார்த்து, அது யார் பாடிய பாட்டின் கடைசி வரி என்று கண்டுபிடித்து, அந்தத் துண்டை அதற்கு மேலே வைப்பாய். பிறகு அந்தப் பாட்டுக்குரிய வால். நாங்கள் உன் புண்ணியத்தில் மாதக்கணக்காய் நிலத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். கழற்றிப் போட்ட எஞ்சின் சாமானை ஒவ்வொன்றாய்ப் பூட்டுகிற வேலைதான் அது, அதனால் எனக்கு அது விளங்கியது, மெல்ல மெல்லப் பிடிக்கவும் தொடங்கியது. முதல் இரவு அநேகமாய் வந்துவிட்டது, ஏனென்றால் முதல் இரவில் ராசாவுக்கு வேலை குறைவு. இரண்டாம் இரவில்தான் மேசை வெறுமையாய்க் கிடந்தது. அவன் பாடிய எல்லாப் பாட்டிலும் வால் மட்டும் மற்றவர்களின் கொப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு இல்லை. "மன்னனைப் பணியாயோ சொல்லு" என்று ஒரு வால். அதற்கு மேலே நீ ஒரு வெற்றுத் துண்டை வைத்துக் கேள்விக்குறி போட்டிருந்தாய். அந்த வெற்றுத் துண்டு என்னைப் பார்த்து முழித்தபடி இருந்தது. அது என் பாட்டு. ஊரில் உயிரோடு இருக்கிற ஒரே இரண்டாம் இரவு ராசா நான். நீ உன் ஒலிப்பதிவுக் கருவியை என் முன்னால் வைத்து, "ஞாபகம் இருக்கிறதைப் பாடுங்கோ அப்பா, இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றாய்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகள். மெட்டு இருந்தது, தாளக்கட்டு இருந்தது, எந்த இடத்தில் வலது காலை ஓங்கி மிதிப்பது என்பது கூட இருந்தது. சொல்தான் ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை ராசாவைக் கேட்டு வந்து நிற்கும்போது வெறும் தகரடப்பா மாதிரி இருக்க மனம் வருமா? நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு, எஞ்சின் கொட்டிலில் இருந்து நானே ஒன்றைக் கட்டினேன். அடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாய்ப் பாடினேன்.

கடல்தாண்டிப் போவாயோ கண்ணே – உன்னைக்
காணாமல் நான்வாழ்வ தெங்கே
உடலோடு உயிரான மகளே – இந்த
மன்னனைப் பணியாயோ சொல்லு

உன் துண்டில் இருந்த வாலைக் கவனமாய்க் கொண்டுபோய்க் கடைசியில் கொழுவியிருந்தேன், பார்த்தாயா. உன் அம்மா குசினிக்குள் சமையலை விட்டு வந்து சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நீ கருவியை நிற்பாட்டினாய்.  பிறகு மெதுவாய், "அப்பா, மர்சலீனாளைக் கோபுரத்துக்குள்ளயெல்லோ அடைச்சவங்கள். அவள் எங்க கடல் தாண்டினவள்?" என்று கேட்டாய்.

அந்த வாரம்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து உனக்குக் கடிதம் வந்திருந்தது.

பிடிபட்ட ஆத்திரத்தில் நான் கத்தினேன். நான் ராசாவா நீ ராசாவா என்றேன். எழுதி வைத்த கடதாசிக்குத்தான் மதிப்பு, பெற்ற தகப்பன் சொல்லுக்கு மதிப்பில்லை என்றேன். நீயும் விடவில்லை. "உங்கட சொல்லை நம்பாட்டில் பதிவே செய்திருக்கமாட்டன். ஆனா இந்த ராசா அழுகிற ராசா இல்லை அப்பா. எல்லா வாலிலயும் அவன் வெருட்டிக்கொண்டுதான் நிக்கிறான். இது நீங்கள்" என்றாய். நான் எழும்பிக் கொட்டிலுக்குப் போய்விட்டேன். அதன் பிறகு ஒருவரோடொருவர் கதைக்காமல் அந்தப் பாயில் இருந்து சாப்பிட்டோம். "அப்பனும் மகளும் கதைக்காட்டில் எனக்கென்ன, கறிச்சட்டி ஒண்டுதான்" என்று உன் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவே சட்டியை வைத்துவிட்டுப் போனாள். நீ அந்தப் பாட்டை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. உன் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், இது தகவல் தந்தவரின் சொந்தப் படைப்பு, நாடகத்துக்கு உரியதல்ல என்று அடிக்குறிப்போடு போட்டிருக்கிறாய். என் வாழ்நாளில் அச்சேறிய ஒரே படைப்பு அதுதான். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். அடிக்குறிப்பை விரலால் மறைத்துத்தான் காட்டுகிறேன், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கோபத்தை முடித்து வைத்தது நீதான். ஒரு காலையில் வந்து, "அப்பா, ராசாவை எங்கட சனம் வச்சிருக்காது. அப்ப ஆர் வச்சிருப்பினம்? ராசாவைக் கண்டு பயந்தவை வச்சிருப்பினம்" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய காலத்தில் கோயில் வளவில் நாடகம் போட மேலிடத்துச் சுவாமிமாரின் அனுமதி வேண்டும், வேதத்துக்கு விரோதமாய் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார்கள் என்று விளக்கினாய். அப்படிப் பார்க்கிறவர் சம்மனசின் பாட்டையா பார்ப்பார்? சம்மனசு என்ன பிழையாய்ப் பேசப் போகிறது? வேதத்தைத் திட்டுகிறவன் ராசாதானே. அவன் பங்கைத்தான் எழுதி அனுப்பச் சொல்லியிருப்பார்கள். இந்த யோசனை உன் தலைக்குள் எப்படி வந்தது என்று நான் இன்றைக்கும் வியக்கிறேன். பழைய கோயில் பங்குகளின் கடதாசிகளைச் சேர்த்து வைத்திருக்கிற ஒரு காப்பகத்துக்கு, ஊரிலிருந்து நல்ல தூரம், பஸ் ஏறி உன்னோடு வந்தேன். துணைக்கு என்று சொன்னேன். உண்மையில் நீ தோற்றால் பக்கத்தில் ஆள் வேண்டுமே என்றும் வந்தேன், என்னை வென்றுவிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றும் வந்தேன்.

அந்த அறையில் பேனை எடுக்கக்கூடாது, பென்சில்தான். நான் பழக்கதோசத்தில் நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கத்தைத் திருப்பப் போக, பொறுப்பாயிருந்த சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நீ கட்டுக் கட்டாய்ப் பார்த்தாய். ஞானஸ்நானக் கடதாசி, காணிச் சண்டை, மணி வாங்கிய விபரம், கள்ளுத் தவறணைக்கு எதிரான முறைப்பாடு. மத்தியானம் தாண்டியது. எனக்குப் பசி, சலிப்பு, உனக்காகப் பயமும் வரத் தொடங்கியது. சிஸ்டர் அடுத்த கட்டைக் கொண்டுவந்து வைத்தார். நீ நூலை அவிழ்த்து மேல் தாளைப் பார்த்தாய், இரண்டாவது தாளைப் பார்த்தாய். பிறகு கட்டை என் பக்கம் திருப்பி, விரலை ஒரு வரியின் கீழே வைத்தாய். மன்னனைப் பணியாயோ சொல்லு. மண்ணிறமாய்ப் போன மையில், பழைய எழுத்தில். அதற்கு மேலே உடம்பும் இருந்தது.

கொடியேறும் கோட்டைஎன் கோட்டை – இங்கே
குனியாத தலைவீழும் கண்டாய்
மடியேறி வளர்ந்தாலும் மகளே – இந்த
மன்னனைப் பணியாயோ சொல்லு

ராசாவின் பங்கு முழுவதும் இருந்தது, இரண்டு இரவுக்கும். சம்மனசு இல்லை, மர்சலீனாள் இல்லை, யாருமில்லை, அவன் மட்டும். ஊர் கடலில் எறிந்ததையெல்லாம் சுவாமிமார் சந்தேகப்பட்டுச் சேர்த்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு சுவாமி நீலப் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டு, இந்த இடத்தில் தூஷணத்தைக் கொஞ்சம் குறைக்கவும் என்று எழுதியிருந்தார். அந்த இடத்தில்தான் பாட்டு மிக நன்றாய் இருந்தது. நான் அந்தச் சொற்களை ஒருமுறை பார்த்ததுதான், கால் மேசைக்குக் கீழே தாளம் போடத் தொடங்கிவிட்டது. அடக்கமாய் முணுமுணுத்தேன், பிறகு அடக்கம் போய்விட்டது. நீ என் கையைப் பிடித்தாய், நிற்பாட்டத்தான் பிடிக்கிறாய் என்று நினைத்தேன். நீ மற்றக் கையால் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கினாய். சிஸ்டர் கதிரையை விட்டு எழும்பி வந்தார். இன்றைக்கு வெளியே போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். "சத்தம் போடக்கூடாது ஐயா" என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "இப்ப பாடுங்கோ" என்றார். கடதாசியில் சொல் இருந்தது, மெட்டு இல்லை. என்னிடம் மெட்டு இருந்தது, சொல் இல்லை. உனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அன்று பஸ்ஸில் நீ என் தோளில் நித்திரையாகிவிட்டாய். நான் மன்னார்ப் பாலம் வரும் வரை அசையாமல் இருந்தேன், கை மரத்துப்போனது, ஆனால் அந்த நாள் போல இன்னொரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

புத்திமதி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் தகப்பன் எழுதியதாக ஊர் நம்பாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீ போயிருக்கிற நாட்டில் பெரிய பெரிய காப்பகங்கள் இருக்குமாம், எல்லாம் கணினியில் இருக்குமாம். இருக்கட்டும். ஒரு பெட்டியைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதோடு, இதை வைத்தவர் எதை வைக்க மனமில்லாமல் விட்டிருப்பார் என்றும் கேள். எறிந்தவர்கள் மேல் கோபப்படாதே. நடுக்கடலில் பிள்ளையை மடியில் வைத்திருந்த மனுசிக்கு ஒரு பாவியின் கொப்பி பாரமாய்த்தான் இருந்திருக்கும். என்னைப்போல வயதான ஒருவர் உனக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு மிக உருக்கமாய்ப் பாடினால், ரசி, பதிவு செய், ஆனால் உடனே நம்பாதே. அவர் உனக்கு ஒன்றைக் கொடுக்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். எனக்குத் தெரியாது என்று சொல்கிறவரிடம் இன்னொரு முறை போ. அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு அது இருக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. காலுறை போடு.

பிரதி முழுதாய்ச் சேர்ந்ததும் ஊர் கூடி இந்தத் திருவிழாவுக்கே இரண்டாம் இரவை ஆடி மங்களம் பாடுவதென்று தீர்மானித்தது நினைவிருக்கும். சம்மனசுக்கு ஆடப் பெடியன்கள் வரிசையில் நின்றார்கள். ராசாவுக்கு ஒருவனும் இல்லை. ஒருவனின் தாய், "என்ர பிள்ளைக்கு இன்னும் கலியாணம் ஆகேல்ல, வேற ஆக்களைப் பாருங்கோ" என்றாள். கூட்டம் ஒரேயடியாய் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐம்பது தாண்டிய முழங்காலை வைத்துக்கொண்டு ஆட முடியுமா என்று நான் யோசிக்கும் முன், நீ பின்வரிசையிலிருந்து, "அவருக்குக் குடுத்த பங்கு இன்னும் முடியேல்ல" என்றாய். ஒத்திகை முழுவதும் முழங்காலுக்கு எண்ணெய் போட்டது உன் அம்மா, சொல்லுக்குச் சொல் பிடித்தது நீ. நாடகம் முடிந்த மறுநாள் உனக்கு விமானம். அதை ஒருவரும் வீட்டில் பேசவில்லை.

அன்றைக்குக் கோயில் வளவு நிறைந்து வீதி வரை சனம். அக்கரையிலிருந்தும் வந்திருந்தார்கள். கிரீடம் தலையை அழுத்தியது, உடுப்பில் நப்தலின் உருண்டை மணத்தது. மத்தளம் தொடங்கியதும் முழங்கால் எனக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கோட்டைப் பாட்டைப் பாடினேன், மர்சலீனாள் ஆடிய பெடியன் வாலைப் பிடித்து எழும்பினான், ஒரு நூல் இடைவெளி இல்லை. கடைசி வதைக் காட்சியில் வாளை உருவிக்கொண்டு முன்னுக்கு வந்தபோது உன்னைக் கண்டேன். பக்கப் படுதாவுக்குள் பிரதியை மடியில் வைத்து, பென்சிலோடு இருந்தாய். மகள், அந்த இடத்தில் என் பாட்டு வாய்க்குள் வந்து நின்றது. கடல்தாண்டிப் போவாயோ கண்ணே. எழுதியிருந்த பாட்டுக்கும் மெட்டு அதுதான், வால் கூடப் பொருந்தும், சனத்துக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. நாளைக்கு நீ போகப்போகிறாய். ஊருக்கு நடுவே, மத்தளத்தோடு, உன்னைப் பார்த்துப் பாட எனக்கு இனி எப்போது கிடைக்கும்? நீ பென்சிலைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாய். உனக்கும் தெரிந்துவிட்டது. நான் வலது காலை ஓங்கி மிதித்தேன்.

வடிவான மகளென்று பாரேன் – எந்தன்
வாளுக்குத் தாய்தந்தை இல்லை

எழுதியிருந்தபடி பாடினேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, நீலப் பென்சில் குறைக்கச் சொன்னதையும் குறைக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. இடி விழுந்து நான் விழுந்தபோது அந்தப் பக்கமிருந்து வந்த கைதட்டலை நீயும் கேட்டாய், நான் செத்துக் கிடந்தே சிரித்தேன். பிறகு மங்களம். ஊரே எழும்பி நின்று பாடியது, அக்கரையிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் விடச் சத்தமாய்ப் பாடினார்கள், கோயில் மணி அடித்தது, பாதியில் நின்றது முடிந்தது. நீ பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு படுதாவுக்குள் குந்தியிருந்து அழுதாய். நான் கிட்ட வந்து, "என்ன பிழை விட்டனான்?" என்று கேட்டேன். நீ ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாய். வென்றோம், மகள். நீ வென்றாய், உன்னால் நானும் வென்றேன், மங்களம் பாடாத ஊர் என்ற பெயரும் அன்றோடு போனது.

இனி நான் அடக்கி வைத்த சங்கதி. உன்னை அனுப்பிவிட்டு வந்த மறுநாள் காலை, வீட்டில் இருக்க முடியாமல் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனேன். படகுகள் வந்திருந்தன, நல்ல விளைமீன். வழக்கமாய் எனக்கு மீன் தருகிற மரியம்மா கூடைக்குப் பின்னால் இருந்தாள். நான் ஒரு மீனைத் தூக்கிச் செவுளைப் பார்த்தேன். அவள் மீனை என் கையிலிருந்து பறித்துக் கூடைக்குள் போட்டாள். "உனக்கு இண்டைக்கு மீன் இல்லை" என்றாள். பகிடி என்று நினைத்து மற்றதைத் தூக்கினேன். அதையும் பறித்தாள். "வாளுக்குத் தாய் தேப்பன் இல்லையாம். பெத்த பிள்ளையை அப்பிடிச் செய்ய உனக்கு என்னெண்டு மனம் வந்தது? என்ர பேத்தி அண்டைக்கு ராவு முழுக்க நித்திரை கொள்ளேல்ல. போ அங்கால." பக்கத்தில் இருந்தவளும் தன் கூடையைச் சாக்கால் மூடினாள். நான் அடுத்த கூடைக்குப் போனேன், அவளும் மூடினாள். இத்தனை வருடமாய் எஞ்சின் திருத்திக் கொடுத்த கடற்கரையில், என்னை நல்லவன், பாவம், சோலி இல்லாதவன் என்று சொல்கிற சனத்தின் நடுவில், ஒரு மீன் வாங்க முடியாமல் நின்றேன்.

தலையை நிமிர்த்திக்கொண்டு, நடு மணலில், வெறும் பையோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். உன் அம்மா வாசலில் நின்று மீன் எங்கே என்று கேட்டாள். "ராசாவுக்கு விக்கமாட்டினமாம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் பருப்பு அடுப்பில் வைத்தாள்.

உன் அப்பா